பன்னிரண்டு நிறுத்தம், ஒரே கப்பல்: ஈவ் ஆன்லைனில் வழி போடுவது எப்படி?

ஃபீனிக்ஸ் (டர்பன், தென்னாப்பிரிக்கா) வாசகர், அக்டோபர் 2

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய விளையாட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைதான் எனக்குப் பிடித்தது. ஒரு சுற்றில் பத்துப் பன்னிரண்டு நிறுத்தங்கள் வரும். எல்லாவற்றையும் வழிப்புள்ளிகளாகப் போட்டு, வழியைச் சீராக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. அதற்குமேல் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போடுவது வீண் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

அக்டோபர் 2, இரவு

மறுக்கிறேன் தம்பி. அந்தப் பொத்தான் தாவல்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் (ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து அடுத்ததற்கு வாயில் வழியாகப் போவது ஒரு தாவல்). அவ்வளவுதான் அதன் வேலை. எந்தப் பெட்டியை எங்கே ஏற்றுகிறீர்கள், எங்கே இறக்குகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. இறக்க வேண்டிய நிலையத்துக்கு முதலில் போகச் சொல்லும். ஏற்ற வேண்டிய நிலையம் நாலு நிறுத்தம் தள்ளி வரும். வெறும் கப்பலுடன் போய் நின்றுவிட்டு, அதே வழியில் இன்னொரு முறை வர வேண்டியதுதான்.

ஐந்து கூரியர் ஒப்பந்தங்கள் எடுத்தால் பத்து நிறுத்தங்கள். எந்த நிபந்தனையும் இல்லாமல் வரிசைப்படுத்தினால் 36,28,800 வரிசைகள். ஏற்றுவது முன், இறக்குவது பின் என்று வைத்தால் மிஞ்சுவது 1,13,400. பொத்தான் தேடுவது முதல் கூட்டத்தில். நீங்கள் பறக்கக்கூடியவை இரண்டாவது கூட்டத்தில்தான் இருக்கின்றன. அதிலும் கப்பலின் கொள்ளளவு இன்னும் சிலவற்றைக் கழித்துவிடும்.

அக்டோபர் 3, காலை

தாவலை எண்ணுவதே எனக்கு ஒப்பவில்லை. இரவு தூங்கப் போகும்போதும் இதுதான் மனதில் ஓடியது.

ஃபிரைட்டர் என்ற பெரிய சரக்குக் கப்பலில் ஒரு தாவல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வாயிலைத் தாண்டி மறுபக்கம் வந்து விழுகிறது. ஒரு நிமிடம்வரை யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். அடுத்த வாயிலுக்கு வார்ப்பு (வார்ப்) என்ற அதிவேக ஓட்டத்துக்குக் கட்டளை கொடுத்தவுடன் மறைவு கலைகிறது. அந்த மலை போன்ற உடம்பு மெல்லத் திரும்பத் தொடங்கும். உச்ச வேகத்தில் முக்கால் பங்கை எட்டினால்தான் வார்ப்பு பிடிக்கும். திரையின் அடியில் வேகக்கோடு நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே அரை நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு விநாடிக்கு ஒன்றரை வானியல் அலகு அளவில்தான் ஓட்டம். இரண்டு வாயில்களுக்கு நடுவே 90 வானியல் அலகு இருந்தால் அதைக் கடக்க மட்டும் ஒரு நிமிடம். வேகம் பிடிப்பதற்கும் இறங்குவதற்கும் தனி. அடுத்த மண்டலத்திலோ வாயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஏறியதும் இறங்கிவிடலாம்.

இரண்டும் பொத்தானுக்கு ஒரே தாவல்தான். எனக்கு ஒரே தாவல் இல்லை. நான் அடிக்கடி போகும் மண்டலங்களுக்குப் பக்கத்தில் 'நீளம்', 'குட்டை' என்று குறித்து வைத்திருக்கிறேன். விநாடிக் கணக்கெல்லாம் தேவையில்லை, இந்த இரண்டு வகையே போதும்.

சிறு கப்பலில் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு குறைவு. இன்டர்செப்டர் இரண்டு விநாடிக்குள் திரும்பிவிடும். அவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அக்டோபர் 3, மாலை

"கம்ப்யூட்டரே எல்லா வரிசைகளையும் சோதித்துவிட்டால் என்ன?" என்று தம்பி கேட்கிறார். 12 நிறுத்தம் என்றால் ஏறத்தாழ 48 கோடி வரிசைகள், சோதித்துவிடலாம். 15 நிறுத்தம் என்றால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடிக்கு மேல் போகும். ஆனால் முழுவதையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை. 1962இல் ஹெல்ட், கார்ப் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன முறையில் இதே 15 நிறுத்தம் சில பத்து லட்சம் படிகளில் முடிந்துவிடும். ஈவ் தன் வரைபடத் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்துவிடலாம். எடைக்கு, அதாவது ஒவ்வொரு தாவலின் செலவுக்கு, எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். தாவலுக்கு ஒன்று என்று போட்டால், துல்லியமாகக் கணக்கிட்ட தவறான விடைதான் கையில் வரும்.

அக்டோபர் 5

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா கேட்டதற்கு: நிரல் இல்லாமல், டாட்லான் தளத்தின் ஈவ் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் போடுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது.

ஈவின் உலகமான நியூ ஈடனின் ஓரங்கள் பெரும்பாலும் மரக்கிளை மாதிரி இருக்கும். ஒரு நடுத்தண்டு, அதிலிருந்து பிரிந்து முட்டுச்சந்தில் முடியும் கிளைகள். கிளைக்குள் நுழைந்தால் அந்தக் கிளையில் உள்ள எல்லா நிறுத்தங்களையும் முடித்துவிட்டே தண்டுக்குத் திரும்ப வேண்டும். பாதியில் திரும்பிப் பிறகு மறுபடி நுழைவதுதான் மிகப் பெரிய விரயம். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால், எந்தக் கிளையை முதலில் எடுத்தாலும் மொத்தம் ஒன்றுதான்: ஒவ்வொரு வாயிலையும் இரண்டு முறை கடப்பீர்கள்.

வீட்டிலிருந்து 5, 3, 6 தாவல் நீளமுள்ள மூன்று கிளைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் 28. வரிசையை எப்படி மாற்றினாலும் 28தான். திரும்பி வராமல் ஆறு தாவல் கிளையின் நுனியில் முடித்தால் 22. மூன்று தாவல் கிளையில் முடித்தால் 25. ஆகவே எதை முதலில் எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எங்கே முடிப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். விளையாட்டில் வீடு திரும்பியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கப்பலை அங்கேயே நிறுத்திவிட்டு ஜம்ப் குளோன் (வேறு நிலையத்தில் வைத்திருக்கும் மாற்று உடல்) வழியாக வரலாம். அங்கிருந்தே அடுத்த ஒப்பந்தத்தைத் தேடலாம்.

அக்டோபர் 6

முன் குறிப்போடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மரக்கணக்கு ஓரங்களுக்குத்தான். பெரிய சந்தை மண்டலங்களான ஜிட்டாவைச் சுற்றியும் அமாரைச் சுற்றியும் வாயில்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. அமாரிலிருந்தே பல பக்கம் வழி பிரிகிறது. அங்கே வளையங்கள் உண்டு, வளையம் இருந்தால் வரிசை முக்கியம். அங்கே செய்ய வேண்டியது: ஒரு வழியைப் போட்டுவிட்டு, அதன் நடுப்பகுதி ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். குறைந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழையபடி விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தாலே பெரும்பாலான கோணல் நிமிர்ந்துவிடும். திருப்பும்போது ஏற்றுவதும் இறக்குவதும் இடம் மாறிவிடக் கூடாது. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 8

யாரோ நியார்ஜா மண்டலம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

ஜிட்டாவிலிருந்து அமாருக்கு முன்பெல்லாம் 9 தாவல். பெரிமீட்டர், உர்லன், சிர்ப்பாலா, இனாரோ, காபுடெனன், நியார்ஜா, மாடிர்மிலிரே, அஷாப், அமார். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். 2020இல் விளையாட்டில் நடந்த டிரிக்லேவியன் படையெடுப்பில் நியார்ஜா விழுந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் 27 மண்டலங்கள் போச்வென் என்ற தனிப் பகுதியாகப் பிரிந்தபோது அதுவும் உடன் போயிற்று. உயர் பாதுகாப்பு (காவல் படை காக்கும்) வழியிலேயே போக வேண்டும் என்றால் அதே பயணம் 40 தாவலுக்கு மேல் ஆனது. இல்லையென்றால் அஹ்பசான் போன்ற குறைந்த பாதுகாப்பு மண்டலத்தில் தலையை நீட்டிக் குறுக்கே போக வேண்டும்.

ஒரே ஒரு மண்டலம் போனதும் இரண்டு பெரிய சந்தைகளின் விலைகள் தனித்தனியாக நடக்கத் தொடங்கின. எங்களைப் போன்ற சரக்குக்காரர்களுக்கு அதனால் வேலையும் கூலியும் கூடியது உண்மை. ஆனாலும் அந்த ஒன்பது பெயர்களையும் வரிசையாகக் கடந்த பழக்கம் விட்டுப்போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இதிலிருந்து வழி போடுகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. உங்கள் சுற்று முழுவதும் ஒரே மண்டலத்தின் வழியாகத்தான் போகிறது என்றால், அந்த மண்டலத்தை நீக்கிவிட்டு ஒருமுறை வழி போட்டுப் பாருங்கள். தவிர்ப்புப் பட்டியலில் சேர்த்தால் போதும், விளையாட்டே காட்டிவிடும். வித்தியாசம் நாலு தாவலா நாற்பது தாவலா என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

அக்டோபர் 9

உயேடாமா என்ற மண்டலம். இதைத் தனியாகப் பேச வேண்டும்.

பாதுகாப்பு மதிப்பு 0.5. ஜிட்டாவுக்கும் இன்னொரு சந்தையான டோடிக்ஸிக்கும் நடுவே கிடக்கிறது. உயர் பாதுகாப்புதான், காங்கார்டு என்ற காவல் படை வரும், தாக்கியவர்களை அழித்தும்விடும். ஆனால் அதற்குள் உங்கள் கப்பல் போயிருக்கும். வழிப்பறிக் கூட்டம் மலிவான கப்பல்களில்தான் வரும். அவை அழியும் என்று தெரிந்தே, கணக்குப் போட்டே வரும். உடைந்த கப்பலின் சரக்கில் ஏறத்தாழ பாதி மிஞ்சும். 200 கோடி ஐஎஸ்கே (விளையாட்டின் நாணயம்) சரக்கு என்றால் 100 கோடி அவர்கள் கைக்கு. செலவு அதைவிடக் குறைவு என்றால் அடிப்பார்கள்.

அப்படியானால் சுற்றிப் போவதா, நேரே போவதா? நான் போடும் கணக்கு இது. மணிக்கு 6 கோடி சம்பாதிக்கிறீர்கள் என்று வையுங்கள். சுற்றிப் போனால் பத்து நிமிடம் கூடுதல், அதாவது ஒரு கோடி நஷ்டம். கப்பலில் இருப்பது 200 கோடி. இருநூறில் ஒரு பங்குக்கு மேல் ஆபத்து இருந்தால் சுற்றிப் போவதே லாபம். அதே கப்பலில் 20 கோடி சரக்கு மட்டும் இருந்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து வரை நேரே போகலாம். ஒரே வழி, ஒரே நேரம். ஏற்றியிருக்கும் சரக்கைப் பொறுத்து விடை மாறுகிறது. பெட்டிகளை இறக்கிக்கொண்டே போகும் சுற்றில் இது இன்னும் முக்கியம்: விலை உயர்ந்த பெட்டியை உயேடாமாவுக்கு முன்பே இறக்கிவிடும்படி வரிசை போட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

அக்டோபர் 10

"அந்த இருநூறில் ஒன்று என்ற எண்ணை எங்கிருந்து எடுப்பது?" என்று போர்ட் லூயிஸ் அக்கா சரியாகப் பிடித்துவிட்டார். துல்லியமாக எடுக்க முடியாது அக்கா. சென்ற ஒரு மணி நேரத்தில் எத்தனை கப்பல்கள் கடந்தன, எத்தனை உடைந்தன என்று வரைபடமே காட்டுகிறது. அதோடு இசட்கில்போர்டு தளத்தைத் திறந்து உடைந்தவை என்ன கப்பல்கள் என்றும் பார்க்க வேண்டும். இரண்டு சிறு கப்பல்கள் தங்களுக்குள் சண்டையிட்டு உடைந்திருந்தால் எனக்குக் கவலையில்லை. ஒரு சாரன் ஃபிரைட்டர் உடைந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே போக மாட்டேன்.

நேரமும் உண்டு. ஐரோப்பிய மாலையில்தான் கூட்டம் அதிகம். அது நமக்கு இரவு எட்டு முதல் பதினொன்று. டர்பனில் காலை ஆறு மணிக்கு எழுந்து ஒரு சுற்று போய்விட்டு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு வழி எவ்வளவோ அமைதியாக இருக்கும்.

அக்டோபர் 12

தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போகும் வேலை இந்த ஆண்டும் என் தலையில். இதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் பட்டியல் வந்துவிட்டது: ஷால்கிராஸ், மெர்பேங்க், இசிபிங்கோ, ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட். சாட்ஸ்வொர்த்தில் புறப்பட்டு ஷால்கிராஸை முடித்து, தெற்கே இறங்கி மெர்பேங்க், இசிபிங்கோ, பிறகு நெடுஞ்சாலையில் வடக்கே ஒரே ஓட்டம். கடைசி நிறுத்தம் டோங்காட்டில் தங்கை வீடு, இரவு அங்கேயே தங்கல். தெற்குக் கிளையை முழுவதும் முடித்துவிட்டுத் தண்டுக்கு வருவது, தூரமான நுனியில் முடிப்பது. ஐந்தாம் தேதிக் குறிப்பில் சொன்னதுதான். பர்ஃபிப் பெட்டிகளை மேலே வைத்து, டோங்காட் பெட்டியை அடியில் போட வேண்டும் என்று அம்மா சொன்னார். கொள்ளளவுக் கணக்கில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

அக்டோபர் 13

லேக் (இணையத் தாமதம்) பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். விஷயத்தை விட்டு விலகிப் போகிறோம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சர்வர் லண்டனில். நம்மிடமிருந்து தூரம்தான். ஆனால் ஈவ் விநாடிக்கு ஒரு முறைதான் உலகைக் கணக்கிடுகிறது. கட்டளை ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் பெரும்பாலும் அதே விநாடிக்குள் விழுந்துவிடும். துப்பாக்கி விளையாட்டுகளில் நாம் படும் பாடு இங்கே இல்லை. ஆப்பிரிக்காவின் தெற்கு முனையிலிருந்து சம பலத்துடன் விளையாடக்கூடிய விளையாட்டு என்பதாலேயே எனக்கு இது பிடித்தது.

போர்ட் லூயிஸ் அக்காவும் ரீயூனியன் நண்பரும் நாமும் ஒரே கடலடிக் கம்பியில் தொங்குகிறோம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சேஃப் என்ற கேபிள் நம் கரையில் முடுன்சினியைத் தொட்டு, ரீயூனியன், மோரிஷஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் ஒரே நாளில் நாலு கேபிள்கள் பழுதானபோது நாடே இணையத்துக்குத் தவித்தது. அதுவும் வழி போடும் பிரச்சினைதான்: மாற்றுப்பாதை இல்லாத கண்ணி எது என்று பார்ப்பது.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் ரவுட்டருக்கு மட்டுமாவது ஒரு சிறு யுபிஎஸ் வைத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். நடுவழியில் இணைப்பு அறுந்தால் கப்பல் தானாகவே ஓர் ஒதுக்குப்புறத்துக்கு வார்ப் ஆகிச் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். யாராவது அதற்குள் தாக்கத் தொடங்கிவிட்டால் மறையாது.

அக்டோபர் 15

ஆட்டோபைலட் பற்றி இரண்டே வரி. அது வாயிலின் மேல் போய் இறங்காமல், தள்ளி இறங்கி மீதியை ஊர்ந்து போகும். 2,500 மீட்டருக்குள் போனால்தான் வாயில் திறக்கும். ஃபிரைட்டர் அந்தத் தூரத்தை ஊர்ந்து கடக்கும் நேரத்தில் வழிப்பறிக்காரர் உங்கள் சரக்கை ஒவ்வொன்றாகப் படித்து விலை போட்டுவிடுவார். காலிக் கப்பலுக்கு மட்டும் ஆட்டோபைலட்.

அக்டோபர் 16

துணைக்கு ஓர் ஆள் இருந்தால் எல்லாக் கணக்கும் மாறும். ஒரே கார்ப்பரேஷனில் (ஆட்டக்காரர் குழுவில்) இருக்கும் நண்பர் வேகமான சிறு கப்பலில் கூடவே வந்து உங்கள் ஃபிரைட்டர் மேல் வெப் (வேகத்தைக் குறைக்கும் கருவி) போட்டால், கப்பலின் உச்ச வேகமே குறைந்துவிடும். குறைந்த உச்ச வேகத்தில் முக்கால் பங்கு என்பது கண நேரத்தில் வந்துவிடும், வார்ப்பு உடனே பிடிக்கும். அரை நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்தில் சில விநாடி. மூன்றாம் தேதி சொன்ன 'நீளம்', 'குட்டை' வேறுபாடு மட்டும் அப்படியே இருக்கும். தாவல் எண்ணிக்கையின் பாரம் பெரிதும் குறையும். அப்போது தாவல் கூடிய, ஆனால் வாயில்கள் நெருங்கிய வழி வெல்லும்.

அந்த நண்பரே ஒரு தாவல் முன்னால் போய் வாயிலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தும் சொல்லலாம். இரண்டையும் ஒருவரே செய்ய முடியாது. எது வேண்டும் என்று புறப்படும் முன் பேசிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 18

தேரா வழியாகக் குறுக்கே போகலாமே என்று ரீயூனியன் நண்பர். போகலாம். 2014இல் சேர்த்த அந்த மண்டலத்துக்கு நியூ ஈடனின் பல மூலைகளிலிருந்தும் புழுத்துளைகள் (தற்காலிகக் குறுக்குவழிகள்) திறக்கும், மூடும். ஈவ்-ஸ்கவுட் குழுவினர் அன்றன்றைக்குத் திறந்திருப்பவற்றைப் பட்டியலிடுகிறார்கள். பிளாகேட் ரன்னர் போன்ற சிறு சரக்குக் கப்பலுக்கு அது வரம். ஆனால் துளைக்கு எடை வரம்பு உண்டு, ஆயுளும் உண்டு. போகும்போது இருந்த துளை வரும்போது இருக்கும் என்று நம்பி இரு வழிப் பயணம் போடக் கூடாது. பல நிறுத்தச் சுற்றில் தேராவை முதல் தாவலாக மட்டும் பயன்படுத்துங்கள்: தூரத்து மூலைக்கு ஒரே வீச்சில் போய்விட்டு, அங்கிருந்து வாயில் வழியாகவே நிறுத்தங்களை முடித்துக்கொண்டு வீடு நோக்கி வாருங்கள். ஐந்தாம் தேதிக் குறிப்பை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் இதுதான்.

அக்டோபர் 23

தீபாவளி முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். தம்பி தன் பட்டியலைப் போட்டிருக்கிறார்: ஆறு ஒப்பந்தங்கள், எல்லாம் ஜிட்டாவில் ஏற்ற வேண்டியவை, டோடிக்ஸி, ஹெக், ரென்ஸ் பக்கமாக ஐந்து, அமாருக்கு ஒன்று. பொத்தான் அழுத்தியும் போட்டிருக்கிறார், கையாலும் போட்டிருக்கிறார், எது சரி என்று கேட்கிறார்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது தம்பி. அமார் ஒப்பந்தத்தை எடுக்காதீர்கள். அதன் கூலியைத் தனியாகப் பார்த்தால் ஆறில் அதுதான் பெரிது, அதனால்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அதைச் சேர்த்தால் எவ்வளவு நேரம் கூடுகிறது என்று பாருங்கள்: ஆறுடன் ஒருமுறை வழி போடுங்கள், அதை நீக்கி ஐந்துடன் ஒருமுறை போடுங்கள், வித்தியாசத்தால் அதன் கூலியை வகுங்கள். மற்ற ஐந்தும் தரும் மணிக்கூலியில் பாதிகூட வராது. எல்லா நிறுத்தங்களையும் அழகாக வரிசைப்படுத்துவதில் மிச்சமாகும் நேரத்தைவிட, எடுத்திருக்கவே கூடாத ஒரு நிறுத்தத்தை விடுவதில் மிச்சமாகும் நேரம் அதிகம். இதைத்தான் முதல் நாளிலிருந்து வெவ்வேறு வழியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மீதி ஐந்தில் பிணைத்தொகை பெரிய பெட்டி டோடிக்ஸிக்குப் போவது. அதற்கு உயேடாமாவைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஒன்றை மட்டும் சிறு கப்பலில் காலையில் தனியாகக் கொண்டுபோய்விடுங்கள். மற்ற நாலையும் ஃபிரைட்டரில் ஏற்றி, ஹெக்கை வழியில் முடித்து, ரென்ஸில் நிறுத்துங்கள். ஜிட்டாவுக்குத் திரும்ப வேண்டாம், ரென்ஸிலேயே அடுத்த ஒப்பந்தத்தைத் தேடுங்கள்.

அக்டோபர் 23, பின்னிரவு

சர்வர் அன்றாடப் பராமரிப்புக்கு நிற்பது நம் நேரம் பகல் ஒரு மணிக்கு. மோரிஷஸிலும் ரீயூனியனிலும் மூன்று மணி. அதற்கு முக்கால் மணி நேரத்துக்குள் புதிய சுற்று எதையும் தொடங்காதீர்கள்.